அமாவாசையன்று தறி பார்க்கப் போய் பணத்தைத் திரும்ப வாங்கிய கதை

அப்பா சோமனூரில் வாழ்நாளெல்லாம் விசைத்தறி ஓட்டியவர். ஒரு கண் போய்விட்டது, மற்றதும் மங்கி வருகிறது. "முழுசா போறதுக்குள்ள காஞ்சிபுரத்துல கோர்வை போடறதப் பாத்துப்போடணும் கண்ணு" என்றார். சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில், அதாவது ஊடு நூலைக் கொண்டு ஓடும் கட்டையில், நெய்து பிணைப்பதுதான் கோர்வை. எதையுமே கேட்காத மனிதர் கேட்டுவிட்டார் என்று சென்ற மாதம் கிளம்பினோம்.

இணையத்தில் தினேஷ் என்ற சுற்றுலாக்காரரைப் பிடித்தேன். இரண்டு கோயில், ஐயம்பேட்டையில் தறி, வேன் எல்லாம் சேர்த்து இருவருக்கு 3,600 ரூபாய், மொத்தமும் முன்பணம். "தறியில் நெய்வதைக் காட்ட இயலாவிட்டால் முழுத் தொகையும் அன்றே திருப்பித் தரப்படும்" என்று ரசீதில் இருந்தது. கோயிலுக்கும் ஆகட்டுமே என்று அமாவாசையாகப் பார்த்துத் தேதி கொடுத்தவன் நான்தான்.

கோவையிலிருந்து இரவு ரயிலில் காட்பாடி, அங்கிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம். தினேஷ் வேனில் கூட்டிப் போன கோயில்களில் கூட்டம் நெருக்கியது, அதில் குறையில்லை. பதினொரு மணிக்கு ஐயம்பேட்டையில் நெசவாளர் ஏகாம்பரம் வீட்டுக்குப் போனால், தறி மேல் துணி போர்த்தியிருக்கிறது!

"அமாவாசைக்குத் தறி ஏற மாட்டோம்பா. போன வாரமே இவராண்ட சொன்னேன்" என்று தினேஷைக் காட்டினார் ஏகாம்பரம். "நாளைக்குக் காலைல வாங்க, ஏழு மணிக்கு உக்காந்துடுவேன்."

எங்கள் பக்கம் கரண்ட் போனால்தான் தறிக்கு லீவு. எனக்கெப்படி இது தெரியும்?

தினேஷ் அசரவில்லை. "அமாவாசைக்கு லீவுன்னு ஊருக்கே தெரியும் சார். தேதி நீங்கதானே குடுத்தீங்க?"

அட, ஊருக்கே தெரிந்ததை வெளியூர்க்காரனுக்குச் சொல்லத்தானே ஐயா உமக்குக் காசு! வேனிலேயே சண்டை தொடங்கி, பேருந்து நிலையம் பக்கத்தில் இருந்த அவர் அலுவலகம் வரை வந்தது. முதலில் முதலாளி திருப்புட்குழி போயிருக்கிறார் என்றார். பிறகு வேன் வாடகை, கோயில் செலவு எல்லாம் கழித்து ஆயிரம் தருகிறேன் என்றார். அப்புறம் பட்டுக்கடைக் கூப்பன். ரசீதைக் காட்டினால், "அது சும்மா போட்டிருக்கறது சார்" என்கிறார். எனக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினேன். "தர முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நுகர்வோர் நீதிமன்றத்துல மீதியைப் பேசிக்கிறேன்." எழுதவா செய்வார்? பத்து நிமிஷத்தில் முதலாளிக்குப் போன் போட்டார், முழுப் பணமும் என் கணக்குக்கு வந்தது.

ஊருக்குக் கிளம்பலாம் என்றேன். அப்பா நகரவில்லை. "ரூம் போடு கண்ணு. தறிக்காரரு நாளைக்கு வரச் சொன்னாரில்ல" என்றார். சண்டையில் எனக்கு அது காதிலேயே ஏறவில்லை.

அறை 1,200 ரூபாய், மறுநாள் ஷேர் ஆட்டோ ஆளுக்கு இருபது. ஏகாம்பரம் தறியில் இருக்க, அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளினார். அப்பா மூக்கு பாவு நூலில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். பணம் கொடுத்தால் வாங்கவில்லை, காபி கொடுத்தார்கள்.

போகிறவர்களுக்கு: அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள். முழுத் தொகையை முன்பணமாகக் கட்டாதீர்கள். பணம் தர மறுத்தால் வாயால் வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே தினேஷ் போன் செய்ததைச் சொல்லாவிட்டால் என் எரிச்சல் அடங்காது.

"இன்னிக்கு அதே தறியப் பாத்துகினு இருக்கீங்களாமே சார்? அப்போ கண்டிஷன்படி ரீஃபண்டு செல்லாது. பணத்தத் திருப்பி அனுப்பிடுங்க."

அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்பா போனை வாங்கினார்.

"ஏந்தம்பி, தறிக்காரரே நேத்து லீவு உட்டுட்டாரு. நீங்க மட்டும் எதுக்குக் கடையத் தொறந்தீங்க?"

அப்பா போனை என்னிடம் நீட்டிவிட்டு மறுபடியும் தறி மேல் குனிந்தார்.