பிற்பகலில் ஏறிய பிழைகள்

திண்டுக்கல்லில் ஓர் இணையச் சேவை நிறுவனத்தில் இணைப்புகளைக் கண்காணிப்பது என் வேலை. ஒளியிழை வழியாகத் தகவல் ஓடும்போது அங்கங்கே கொஞ்சம் கெட்டுப்போகும். கருவியே அதைக் கண்டுபிடித்துத் திருத்திவிடும். வாடிக்கையாளருக்கு எதுவும் தெரியாது. எத்தனை பிழைகள் திருத்தப்பட்டன என்கிற எண் மட்டும் என் திரையில் தெரியும்.

ஒரு ரமலான் மாதம், சித்தையன்கோட்டை வழியாகப் போகும் இணைப்பில் அந்த எண் பிற்பகலானால் ஏறியது, இருட்டியதும் இறங்கியது. வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். ஆனால் உச்சி வெயிலில் எண் அசையவே இல்லை. நாளுக்கு நாள் ஏற்றம் மட்டும் கூடிக்கொண்டு வந்தது. புகார் வரவில்லையே, பொறுத்துப் பார்க்கலாம் என்றார் மேலாளர். ஒரு சின்ன மருத்துவமனையின் ஸ்கேன் படங்கள் மதுரை டாக்டருக்கு இந்த வழியாகத்தான் போகின்றன என்று சொன்னேன். அதற்குமேல் அவர் மறுக்கவில்லை. இழை ஒட்டும் வேலை பார்க்கும் ஒட்டன்சத்திரத்துக்காரரோடு என்னையும் அனுப்பிவைத்தார்.

இழைக்குள் ஒளியைச் செலுத்தி, எவ்வளவு தூரத்தில் அது பலவீனப்படுகிறது என்று பார்த்தோம். கருவி காட்டிய இடத்தில் ஒரு வீட்டின் பின்கட்டு இருந்தது. சுவரை ஒட்டிய கம்பத்தில் எங்கள் இணைப்புப் பெட்டி. அதற்கு நேர் கீழே விறகு அடுப்பில் பெரிய தேக்சாப் பாத்திரத்தில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. தெருவுக்கே அந்த வீட்டில்தான் நோன்புக் கஞ்சி. அனலில் பெட்டி இளகி, உள்ளே இழையை நெருக்கிக்கொண்டிருந்தது.

அரிசி பாதி வெந்திருந்தது. அடுப்பு எரியும்போது கம்பத்தில் ஏற முடியாது. காலையில் வருகிறோம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். கிண்டிக்கொண்டிருந்த அந்த வீட்டம்மா, இந்தக் கம்பியில் என்ன போகிறது என்று கேட்டார். ஸ்கேன் விஷயத்தைச் சொன்னேன்.

"நோயாளி காரியத்த நாளைக்குன்னு தள்ளலாமா? செத்த நேரம் பொறுங்கம்மா, அடுப்ப வாசப்பக்கம் மாத்திக்கிறோம்."

காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவர் அவர். கணவரையும் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டார். சாக்கைச் சுற்றிப் பிடித்துத் தேக்சாவை இறக்கினார்கள். வாசலில் செங்கல் அடுக்கிப் புது அடுப்பு மூட்டினார்கள். சூடு தணிந்ததும் ஒட்டன்சத்திரத்துக்காரர் மேலே ஏறினார். பெட்டியை மாற்றி, இழையைப் புதிதாக ஒட்டிவிட்டு இறங்கும்போது நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும் நேரமாகியிருந்தது.

அந்த அம்மா எங்களைச் சாப்பிடாமல் போக விடவில்லை. கஞ்சியும் வடையும் தந்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர் கிண்ணத்தை வழித்துவிட்டு, "ஏனுங்க்கா, இன்னொரு கரண்டி கிடைக்குங்களா?" என்று கேட்டார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கிண்ணம் நிறைய ஊற்றினார்.

மறுநாள் பிற்பகல் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் ஏறவில்லை. அவருக்கு போன் செய்து நன்றி சொன்னேன். கஞ்சி கிண்டும் சத்தம் கேட்டது.

"சரியாயிருச்சுல்லம்மா? அது போதும். அடுப்பு இனி வாசல்லயே இருக்கட்டும், இங்க காத்தும் நல்லா வருது."