அந்தச் சிவப்புக் கிட்டாரைச் செதுக்கலாமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நசரத்பேட்டைக்குப் போயிருந்தேன். ஏதாவது விசேஷமா என்று கேட்காதீர்கள். ஒரு பெண்ணைப் பற்றி அவளுடைய மாமாவிடம் போட்டுக்கொடுக்கப் போயிருந்தேன்.

தலை நரைத்த பிறகு செய்கிற வேலையா இது?

விஷயம் இதுதான். எங்கள் ஆபீஸில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்ன இசைக்குழு வைத்திருக்கிறோம். சனிக்கிழமைகளில் பருத்திப்பட்டில் எங்கள் அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் பிராக்டிஸ். நான் ஒரு கிட்டார். பூந்தமல்லியிலிருந்து வரும் பர்வீன் இன்னொரு கிட்டார். என்னைவிடச் சின்னவள், என்னைவிட நன்றாக வாசிப்பவள். முதலாவதை மன்னித்துவிடலாம்...

ஒருநாள் அவள் பழைய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திறந்தாள். எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

எழுபதுகளில் ஜப்பானில் செய்த எலெக்ட்ரிக் கிட்டார். குங்குமச் சிவப்பு. நான் வருஷக்கணக்காகப் போனில் படம் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த அதே மாடல். அந்தக் காலத்தில் மெல்லிசைக் கச்சேரிகளில் வாசித்த அவளுடைய தாய்மாமா கரீம் பாய், "வெச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டாராம். கேட்டு வாங்கியதுகூட இல்லை — கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்! எனக்கும் மாமா இருக்கிறார். அவர் இதுவரை கொடுத்ததெல்லாம் அட்வைஸ்தான்.

"சூப்பரா இருக்குல்லண்ணா? ஆனா என்னால வாசிக்க முடியல" என்றாள் பர்வீன்.

அவளுக்கு இடது கை சுண்டுவிரல் முன்புபோல் நீளாது. பைபாஸில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்ததில் வந்த வினை. இந்தக் கிட்டாரின் கழுத்தோ — அதாவது இடது கை பிடிக்கும் நீள மரம் — உருட்டுக்கட்டை மாதிரி தடிமன். அந்தக் காலத்துக் கிட்டார்கள் பல அப்படித்தான்.

"அம்பத்தூர்ல ஒருத்தர்கிட்ட கேட்டேன். கழுத்தைச் செதுக்கி ஒல்லியாக்கித் தரேன்னாரு. கொரகொரங்கிற பிக்கப்பையும் மாத்திடலாம்னாரு."

"செதுக்கறதா?" நான் போட்ட சத்தத்தில் டிரம்ஸ்காரரே வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

பழைய கிட்டார் பைத்தியம் பிடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு ஸ்க்ரூவை மாற்றினாலே முகம் சுளிப்பார்கள். பிக்கப்பை — கம்பிகளுக்கு அடியில் சத்தத்தை வாங்கும் காந்தத்தை — மாற்றினால்கூடப் பழையதைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். செதுக்கிய மரம் திரும்ப முளைக்குமா? "மதிப்பே போயிடும் பர்வீன். நாளைக்கு ஒருத்தன் சீண்ட மாட்டான்" என்றேன்.

"நான் விக்கப் போறதில்லையேண்ணா."

"வேணும்னா ஒண்ணு பண்ணலாம். என் கிட்டாரை நீ எடுத்துக்கோ. புதுசு, கழுத்தும் ஒல்லி. இதை நான் பத்திரமா வெச்சுக்கறேன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ரொம்ப நல்ல மனசுண்ணா உங்களுக்கு" என்றாள். பெட்டியை மூடிவிட்டாள்.

அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அது என் கையில் இருந்திருந்தால்? கண்ணாடி அலமாரி செய்து, உள்ளே லைட் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருப்பேனே! இவள் போயும் போயும் உளியைக் கொடுத்துச் செதுக்கச் சொல்கிறாள். அருமை தெரியாதவர்கள் கைக்கே ஏன் எல்லாம் போய்ச் சேருகிறது?

அப்படித்தான் நசரத்பேட்டை போனேன். கரீம் பாய் எங்கள் புரோகிராம் ஒன்றுக்கு வந்தவர்தான், முகம் தெரியும். நாற்காலி போட்டு, டீ கொடுத்தார்.

"பாய், நீங்க ஆசையா வெச்சிருந்த கிட்டார். பர்வீன் கழுத்தையே செதுக்கப் போறா. இவ்ளோ வருஷம் ஒரிஜினலா இருந்த பொருள்... நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பா" என்று குரலில் கவலையைக் குழைத்துச் சொன்னேன்.

"ஒரிஜினலா? யார் சொன்னா?" என்றார்.

"அந்தச் சிவப்பைப் பார்த்தாலே தெரியுதே பாய்."

மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "அய்ய! அது நான் அட்ச்ச கலரு தம்பி. வாங்கும்போது வெள்ளையா இருந்துச்சு. பாடுறவரு வெள்ளை டிரெஸ், பின்னாடி கட்டுன துணியும் வெள்ளை. நான் ஸ்டேஜ்ல நிக்கிறதே யாருக்கும் தெரியல. நம்ம தோஸ்த் ஒர்த்தன் வேனுக்குப் பெயின்ட் அட்ச்சுகினு இருந்தான். மிச்சமான பெயின்ட்ட இதுக்கு அடிடான்னேன்."

வேன் பெயின்ட்! அதைப் பார்த்துத்தான் நான் மூச்சு விட மறந்தேன்.

"அந்தப் பொண்ணு கை அடிபட்டு, இனிமே முன்ன மாதிரி வாசிக்கவே முடியாதுன்னு அழுதுகினு கெடந்துச்சு. இத்த பாத்தப்புறம்தான் திரும்பவும் ஆசையா பேசுது. செதுக்கட்டும் தம்பி, நல்லா செதுக்கட்டும். டீ ஆறுது பாரு."

அழுதாளா? சனிக்கிழமை தவறாமல் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறேன், எனக்குத் தெரியாது. அவளிடம் நான் அந்தக் கிட்டாரைப் பற்றிப் பேசிய அளவுக்கு அந்தக் கையைப் பற்றிப் பேசியதே இல்லை.

சரி, இதோடு பொறாமை போய்விட்டது என்றா நினைக்கிறீர்கள்?

போன சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் அபார்ட்மென்ட் ஆண்டுவிழா. செதுக்கி முடித்த கிட்டாரோடு பர்வீன் மேடையேறினாள். இரண்டாவது பாட்டிலேயே சமோசா வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விபத்துக்குப் பிறகு அவள் தொடாமல் விட்டிருந்த இடங்களுக்கெல்லாம் விரல்கள் சாதாரணமாகப் போய் வந்தன. நான் பக்கத்தில் நின்று தாளத்துக்கு 'சக்கு சக்கு' என்று தட்டிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் கரீம் பாய் விசிலடித்தார். எனக்கில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

முடிந்ததும் அவளே கிட்டாரை நீட்டினாள். "வாசிச்சுப் பாருங்கண்ணா. நீங்க இதுமேல எவ்ளோ ஆசையா இருந்தீங்க."

வாங்கினேன். கம்பிகளைச் சேர்த்து அழுத்தி இரண்டு கார்டு பிடித்தேன். என் பெரிய கைக்குள் அந்தக் கழுத்து நிற்கவே இல்லை. விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. ஒட்டடைக்குச்சியைப் பிடித்த மாதிரி இருந்தது.

"எப்டிண்ணா?"

"எனக்கு ரொம்ப ஒல்லி."

"எனக்குக் கரெக்டா இருக்கு" என்று வாங்கி மாட்டிக்கொண்டாள். கிண்டலெல்லாம் இல்லை. நிஜமான சந்தோஷம்.

அந்த நிமிஷத்தோடு கிட்டார் மேல் இருந்த ஆசை போய்விட்டது. ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பது இருக்கிறதே... அது இன்னும் கஷ்டம் சார்!

வீட்டுக்கு வந்ததும், ஊருக்குப் போயிருந்த மனைவி போனில் கேட்டாள்: "பர்வீன் எப்படி வாசிச்சா?"

"பரவாயில்லை" என்றேன். இப்போதைக்கு என்னால் முடிந்த அதிகபட்சப் பாராட்டு அதுதான்.