பத்து நிமிஷம் ஈரம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஆறாம் வகுப்போடு நின்றவன். தப்பாக எழுதிய இடங்களைப் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் தீவு நாட்டின் தலைநகரான சுவாவில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்குத் துப்புரவு வேலை. நோயாளி வீட்டுக்குப் போனதும் அவர் படுத்திருந்த கட்டிலை நான் கழுவவேண்டும். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு பிளீச் தண்ணீர். மெத்தை உறை, கம்பி, மணியடிக்கும் பொத்தான் எல்லாம் பத்து நிமிஷம் ஈரமாகவே இருக்கவேண்டும். இடையில் காய்ந்தால் கிருமி சாகாது, மறுபடி பூசவேண்டும். அதுவரை நர்ஸ் விரிப்போடு காத்திருப்பார்.

எங்கள் வார்டில், பக்கத்துத் தீவில் உள்ள சவுசவு ஊரிலிருந்து வந்த ஒரு தமிழ் நர்ஸ் இருந்தார். மற்ற நர்ஸுகள் என்னை அண்ணன் என்று இந்தியில் கூப்பிடுவார்கள். அவர் எந்த முறையும் சொல்லமாட்டார். "இங்க பாருங்க" என்பார், அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிஷமும் என்னிடம் தமிழில் பேசுவார். நான் கட்டிலைப் பார்த்துக்கொண்டே கேட்பேன்.

எங்கள் நாட்டில் ஆட்சியைக் கவிழ்த்த வருஷம் நர்ஸுகள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். ஒரு நாள் காலை, ஜன்னலோரக் கட்டிலுக்கு பிளீச் பூசி முடித்திருந்தேன்.

"ஆக்லாந்து ஆஸ்பத்திரிலேருந்து வேலைக்குப் பேப்பர் வந்துடுச்சு" என்றார் அவர். "வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"நல்லது."

"எங்கம்மாவும் அதான் சொல்லுது. இங்கயே இருன்னு சொல்லத்தான் ஒரு ஆளும் இல்ல."

நான் துணியை நனைத்துக் கம்பியில் மறுபடி பூசினேன்.

"இப்பதானே பூசினீங்க?"

"காஞ்சுபோச்சு."

"அப்ப இன்னும் பத்து நிமிஷம்" என்று சிரித்தார். "பேசுங்க, கேக்கறேன்."

மூன்று தடவை பூசினேன். மூன்றாம் தடவை அவர் சிரிக்கவில்லை.

"வெளில சக்கர நாற்காலில ஒரு கிழவர் உக்காந்திருக்காரு. அவருக்குப் படுக்கை வேணும்" என்றார்.

ஈரம் காய்ந்ததும் விரிப்பை உதறிப் போட்டார். மறுபக்கத்து மூலையை நான் இழுத்துச் செருகினேன். அந்த வெள்ளிக்கிழமை அவர் சரி என்று எழுதிக் கொடுத்தார்.

அவர் விமானம் பிடிக்க நந்திக்கு பஸ் ஏறிய அன்று நான் லீவு கேட்கவில்லை. மற்ற நர்ஸுகள் எல்லாரும் போய் வழியனுப்பினார்கள். நான் தரை துடைத்தேன்.

நசினுவில் இருக்கும் என் வீட்டிலிருந்து இன்றும் அதே வேலைக்குத்தான் போகிறேன். இப்போது வார்டில் தமிழ் பேச ஆளில்லை. அவர் அங்கே எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கவும் எனக்குக் கூச்சம்.

அன்று நான் சொல்லியிருக்கவேண்டியது இதுதான்: போகாதீங்க, என்னோட இருங்க.

இதை எழுதியது 9 மார்ச் 2025, ஞாயிற்றுக்கிழமை.