பூட்டிய கிரில் கதவும் கட்டிலுக்கு அடியில் ஒரு டப்பாவும்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். காலையில் எல்லாக் கதவுகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பது என் பட்டியலின் முதல் வரி. உள்ளே ஒரே ஒரு ஆள் இருந்தாலும் எந்தக் கதவும் பூட்டியிருக்கக் கூடாது. அந்த வரியை வீடுகளுக்குப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை, ஒரு சனிக்கிழமை சொல்லாமல் அக்கா வீட்டுக்குப் போகும்வரை.

அக்கா வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டிய தோலை ஏஜென்ட் மூட்டையாகத் தருவார். ஓரத்தில் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி, மடித்து ஒட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அன்று முன்பக்கக் கிரில் கதவும் பின்கதவும் வெளியே பூட்டியிருந்தன. உள்ளே அவளுடைய இரண்டு பெண்களும், ஏழு வயதும் நாலு வயதும், டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா பீஸ் குடுக்கப் போயிருக்காங்க சித்தி. தோ வந்துருவாங்க," என்றாள் பெரியவள்.

எனக்குப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஒரு கேள்வி. கம்பி வழியாகக் கேட்டேன்: "இப்போ வீட்ல நெருப்பு புடிச்சிச்சின்னா இன்னா பண்ணுவ?"

"பாப்பாவ இட்டுகினு கட்டில் கீழ போய்டுவேன்."

"ஏன் அங்க?"

"அங்க போனா யாரும் கண்டுபுடிக்க முடியாது. நெருப்பும்தான்."

குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில், சுவரோரமாக, சொல்யூஷன் டப்பா இருந்தது. ஒரு பொறி போதும் அதற்கு. அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடுதான் தேங்கும்.

அக்கா காலிப் பையோடு வந்து பூட்டைத் திறந்தாள். டப்பாவைக் காட்டினேன்.

"அடுப்பாண்ட வெக்காதன்னு நீதான சொன்ன? அதான் தூரமா வெச்சேன்."

நான் அப்படிச் சொன்னது உண்மைதான்.

"சரி, பூட்டு?"

"தொறந்து வுட்டா ரெண்டும் ரோட்டுக்கு ஓடும். லாரி எப்டி வருதுன்னு பாத்தல்ல? வந்துட்டா பெரிய ஆபீசரு, செக் பண்ண!"

பெரியவள் சொன்ன பதிலை அப்படியே சொன்னேன். அக்கா சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டிலையே பார்த்தாள்.

அன்றே டப்பா வெளியே மாடிப்படிக்குக் கீழே, பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டிக்குப் போனது. ஒட்டும் வேலை பின்பக்க வாசலுக்கு மாறியது. கதவுப் பூட்டுக்குத்தான் நீண்ட சண்டை. கடைசியில், "ரெண்டையும் ஏஜென்ட் வீட்டுக்கே இட்டுகினு போறேன், போதுமா? அங்க ஆட்டம் போட்டா நீ வந்து பதில் சொல்லு," என்றாள்.

டப்பா இடம் மாறினாலும் பிள்ளைகளின் பழக்கம் மாறுமா என்று பார்க்க ஆசை. ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து அக்கா வீட்டுக்குப் போய், "நெருப்பு!" என்று கத்துவேன். பிள்ளைகள் வாசல் தாண்டி பக்கத்து வீட்டுச் சுவரைத் தொட வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரம், எல்லாம் சொல்லிக் கொடுத்த பிறகும், இருவரும் நேராகக் கட்டிலுக்கு அடியில். இரண்டாம் வாரம் பெரியவள் வெளியே ஓடினாள், சின்னவள் கட்டிலடியில். மூன்றாவது வாரமும் அப்படியே. ஏன் என்று சின்னவளைக் கேட்டேன். "நீ கத்துற, பயமா இருக்கு," என்றாள். அடுத்த முறை கத்தாமல் சொன்னேன்.

சின்னவள் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி, சுவரைத் தொட்டாள். தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். என் அக்கா பின்வாசலில் ஒட்டிய துண்டோடு உட்கார்ந்தே இருந்தாள்.

"ம்மா! நீ இன்னா உள்ளயே குந்திகினு கீற? வெளிய வா!"

அக்கா பசைக் கையோடு எழுந்து ஓடினாள்.