டுவைட்டின் எடைக்கு வெல்டிங் வைத்த கார்

வெண்டல் ப்ரூஸ்கா அமெரிக்காவில் டொலீடோ நகரத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஒரு பிள்ளை சீட்டைவிட்டு எழுந்தால்கூடக் கண்ணாடியில் பார்த்தே உறுமுவார். சனிக்கிழமை வந்தால் ஆளே மாறிவிடுவார். அன்றைக்கு அவர் கையில் அறுபத்தொன்பதாம் வருடத்துச் சிவப்பு கமாரோ கார். கிளப்பினால் அடுத்த தெரு ஜன்னல்கள் அதிரும்.

வண்டியில் ஒரே ஒரு குறை. குலுங்கினால் பக்கத்து சீட்டுக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். சர்ச் விருந்துக்கு மனைவி லூயெல்லா மடியில் வைத்திருந்த மீன் நூடுல்ஸ், ரயில்வே கேட்டைத் தாண்டும்போது பாத்திரத்தோடு ரோட்டில் இறங்கிவிட்டது.

"அடுத்த தடவை நானே விழுவேன். அப்பவும் நீ கதவுல கீறல் விழுந்துச்சான்னுதான் பாப்ப" என்றாள்.

வெண்டலுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தக் காருக்கு அடியில் முன்னால் ஒரு இரும்புச் சட்டம், பின்னால் ஒரு சட்டம், நடுவில் வெறும் தகரம்தான்; அது நெளிவதால்தான் கதவு திறந்துகொள்கிறது. இரண்டு சட்டங்களையும் நீள இரும்புக் குழாய்களால் இணைத்து வெல்டிங் வைத்துவிட்டால் காரின் உடம்பு நெளியாது. ஆனால் வண்டி தன் பாரத்தோடு சக்கரத்தில் நிற்கும்போதே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கோணல் அப்படியே நிலைத்துவிடும்.

'பாரத்தோடு' என்பதை வெண்டல் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டார். மெத்தைக் கடை வைத்திருக்கும் மச்சான் டுவைட்டை வரவழைத்தார். டுவைட் உட்கார்ந்து காட்டினாலே மெத்தை விற்றுப்போகும், அவ்வளவு கனம். காரைச் சரிவுப் பலகைகளில் ஏற்றி, தரைவிரிப்பை உருவிவிட்டு, டுவைட்டைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார்.

"ஆடாம உக்காரு மாப்ளே."

"சாப்பிடலாமா மாமா?"

"வாய மட்டும் ஆட்டு."

வெண்டல் அடியில் படுத்து நெருப்புப் பொறி பறக்க வேலை செய்தார். மேலேயிருந்து சத்தம் வந்தது: "மாமா, கால் சுடுது!"

"சும்மா இரு, சாக்ஸ் போட்டிருக்கல்ல?"

முடிந்ததும் கதவைச் சாத்தினார். பெட்டகம் பூட்டியதுபோல 'டப்' என்று மூடியது. வெண்டலுக்குக் கண் கலங்கிவிட்டது. டுவைட் இறங்கினான். மறுபடி சாத்தினார். மூடவில்லை. டுவைட் ஏறினான், மூடியது. இறங்கினான், மூடவில்லை.

அந்தக் கோடை முழுக்க வெண்டல் போன இடமெல்லாம் டுவைட்டும் போனான். லூயெல்லா பின் சீட்டுக்குத் தள்ளப்பட்டாள். பழைய கார் கண்காட்சியில் நடுவர் ஒருவர் குனிந்து பார்த்து, "இவரும் கம்பெனி ஒரிஜினலா?" என்று கேட்டார்.

பிறகு டுவைட்டின் சாப்பாட்டை டாக்டர் குறைத்தார். அவன் இளைக்க இளைக்கக் கதவு விலகத் தொடங்கியது. வெண்டல் தினமும் மெத்தைக் கடைக்கு டோனட் கொண்டுபோனார். லூயெல்லா கையும் களவுமாகப் பிடித்தாள்.

"என் தம்பி உசிரு உனக்கு கதவுத் தாழ்ப்பாளாய்யா?"

வெண்டல் டோனட் பெட்டியை மூடினார். அந்த வாரமே குழாய்களை அறுத்து எடுத்தார். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதால், அவற்றை மறுபடி வெல்டிங் வைக்க இளைத்துப்போன டுவைட் தானே காருக்கடியில் நுழைந்தான். வாழ்நாளில் முதல் தடவையாக அவன் ஒரு காருக்கடியில் போய் வந்தான். வெல்டிங்கைவிட அதைத்தான் எல்லோரிடமும் சொன்னான். இந்த முறை காருக்குள் யாரும் இல்லை. அவன் வைத்த வெல்டிங், கோழி கிளறிய மண்மாதிரி இருந்தது. பார்த்த வெண்டல் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் கதவு ஒரே தள்ளில் மூடியது. திறந்தது. மறுபடி மூடியது.

"அடுத்த வாரம் எங்க மாமா போறோம்?" என்றான் டுவைட், முன் சீட்டில் ஏறிக்கொண்டே.

"நீ எதுக்குடா? இப்பதான் கதவு மூடுதே!"

"பழகிருச்சு மாமா."

லூயெல்லா கதவைத் திறந்து தம்பியைச் சட்டைக் காலரைப் பிடித்து இறக்கினாள்.