வலப்பக்கத்து நாற்காலி

சாயங்காலத் தேநீரை வாயில் வைக்கும்போது ஐயாவின் மகள் மல்லிகா போனில் அழைத்தாள். “அண்ணே, அப்பா போயிட்டாரு. மத்தியானம் தூங்கினவரு எழும்பவே இல்ல.” தேநீரை அப்படியே வைத்துவிட்டு பினாங்கு ஆயர் ஈத்தாம் பகுதியில் இருந்த ஐயா வீட்டுக்கு ஓடினேன்.

தூதர் ஜெயசிங்கம் ஐயாவைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய பரம்பரையும் தெரியும். கும்பினியார் காலத்தில், தெற்குச் சீமைச் சமஸ்தானம் ஒன்றின் அரசரைக் கைதியாகக் கப்பலேற்றிப் பினாங்கில் கொண்டுவந்து விட்டார்கள். அவர் வழியில் வந்தவர் நம் ஐயா. அரசர் ஊர் திரும்பவே இல்லை. எங்கே அடக்கம் செய்தார்கள் என்றும் தெரியாது. அவரை ஐயா ‘தாத்தா’ என்றுதான் சொல்வார்.

தூதரகத்தில் ஐயாவிடம் பல வருடம் வேலை பார்த்தேன். “தூதருக்கு ரெண்டே வேலை தம்பி. காது கொடுக்கணும், நாற்காலியைச் சரியாப் போடணும்” என்பார். வலப்பக்க நாற்காலி முதன்மை விருந்தாளிக்கு. ஓய்வுபெற்ற பிறகும் வீட்டு வராந்தாவில் அவருக்கு வலப்பக்கம் ஒரு பிரம்பு நாற்காலி காலியாகவே கிடக்கும். கால் கடுத்து ஒருநாள் அதில் உட்காரப் போனேன்.

“அது தாத்தா சீட்டு லா. உனக்கு இன்னும் அந்தப் பதவி உயர்வு வரல!”

மத்தியானத் தூக்கத்தில் தாத்தா வருவாராம். ஈர வேட்டியோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, “கப்பல் வந்துச்சா?” என்று கேட்பாராம். “எத்தனையோ நாட்டுக்காரனுக்குப் பதில் சொல்லியிருக்கேன். இவருக்குச் சொல்ல வாய் வரல லா” என்று ஐயா கலங்குவார். கடல் எட்டாத அந்த வராந்தாவில் எனக்கும் உப்புக்காற்று அடிக்கும். சிரிக்காதீர்கள், அடித்தது.

சாம்பல் ஆறுவதற்குள் தமிழ்நாட்டு அரண்மனை உறவினர்கள் அழைத்துவிட்டார்கள். அஸ்தியை அனுப்பினால் மேளதாளத்தோடு, அரச மரியாதையோடு தங்கள் ஆற்றில் கரைப்பார்களாம். மல்லிகா தவித்துப்போனாள். “கௌரவமாத்தானே கேக்குறாங்க அண்ணே. அப்பா என்ன நெனச்சிருப்பாரு?”

எனக்குத் தெரியும். இறப்பதற்குச் சில நாள் முன்பு, தூங்கி விழித்த ஐயா குழந்தை மாதிரி சிரித்தார்.

“இன்னிக்குப் பதில் சொல்லிட்டேன் தம்பி.”

“என்னன்னு ஐயா?”

“‘கப்பல் வரல தாத்தா. வந்தாலும் நான் ஏறமாட்டேன். உங்களைத் தனியா விட்டுட்டு நான் எங்க போவேன்?’”

இதை நான் சொன்னதும் மல்லிகா விம்மி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவைப் போலவே பணிவாக, உறவினர்களுக்கு மறுப்புச் சொன்னாள். அஸ்தியைப் பினாங்குக் கடலிலேயே கரைத்தோம்.

ஐயாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வழக்கம் மட்டும்தான். என் வீட்டு வாசலிலும் இப்போது வலப்பக்க நாற்காலி காலியாகக் கிடக்கிறது. முதலில் ஐயாவுக்கென்று ஒன்றுதான் போட்டேன். தாத்தாவை விட்டுவிட்டு ஐயா எங்கே வரப்போகிறார் என்று, பிறகு பக்கத்தில் தாத்தாவுக்கும் ஒன்று போட்டு வைத்தேன்.