வேரடியிலிருந்து கஞ்சித்தண்ணீர் வரை

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். எழுத்து கோணல்மாணலாக வரும், பாதியில் மறந்தும் போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரியசாலையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் என் மகள் வாளிகளில் நெல் வளர்க்கிறாள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு நெல்வேரைப் பற்றித்தான் வேலை. சாப்பிடும்போதும் அதே பேச்சு. மண்ணில் ஆர்சனிக் என்றொரு விஷம் உண்டாம். இரும்புத்துருவோடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்குமாம். வயலில் எப்போதும் தண்ணீர் கட்டிக் கிடந்தால் மண்ணுக்குள் காற்று போகாது. அப்போது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் காற்றுக்குப் பதிலாக அந்தத் துருவையும் விஷத்தையும் வைத்தே மூச்சுவிடுமாம். துரு கரைந்து, விஷமும் வேறு உருவாக மாறித் தண்ணீரில் இறங்கிவிடும். வேர் அதைக் குடித்துவிடும். வேரை ஒட்டி இன்னொரு கிருமிக்கூட்டம் இருக்கிறதாம். வேர் கசியவிடும் கொஞ்சம் காற்றில் அவை விஷத்தைப் பழையபடி மாற்ற, அது வேரின்மேல் படிந்த துருவில் ஒட்டிக்கொள்ளும். எந்தக் கூட்டத்தின் கை ஓங்குகிறதோ, அரிசியில் ஏறும் விஷம் அதைப் பொறுத்தது.

எனக்குப் பயத்தில் இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் அரிசி மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், நான் பிறந்த ஊரில், என் தம்பியின் வயலில் விளைவது. அங்கே தண்ணீர் வற்றி நான் பார்த்ததே இல்லை.

"பேடிக்காதம்மா. நெறைய தண்ணி வச்சு வடிச்சிரு. விஷத்துல நல்ல பங்கு அதோட போயிரும்" என்றாள் மகள்.

அன்று முதல் பெரிய பானையில் தளும்பத் தளும்ப வைத்து வடித்தேன். மனது சற்று அடங்கியது. வடித்த கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டு வீட்டுக்காரருக்குக் கொடுப்பேன். வயிற்றில் ஆபரேஷன் ஆனபின் அவருக்கு வேறெதுவும் தங்குவதில்லை.

ஒருநாள் அடுக்களைக்குள் வந்த மகள் அப்படியே நின்றாள்.

"அம்மா, வடிச்சத அப்பாக்கா குடுக்க?"

கொண்டுபோக எடுத்ததைக் கீழே வைத்தேன். சோற்றிலிருந்து பிரித்த விஷத்தை இத்தனை நாளும் நோயாளிக்குத் தம்ளரில் ஊற்றியிருக்கிறேன்.

அவர் கட்டிலில் கிடந்தபடி சிரித்தார். "ஏட்டி, இத்தன வருசம் உன் சமையலத் தின்னே சாவல்ல. இந்தத் தண்ணியா கொல்லப்போவுது? கொண்டா."

மகள் அரிசியைப் பொட்டலம் கட்டி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். முடிவு வரும்வரை கேழ்வரகுக் கூழ் காய்ச்சினேன். இரண்டு வாய் குடித்துவிட்டுத் தள்ளினார். கன்னம் ஒட்டிப்போயிற்று. நான் மாடிக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன். வாளிகளைப் போய்ப் பார்ப்பேன். பார்த்து எனக்கு என்ன தெரியும்?

நேற்று மகள் போனில் கூப்பிட்டாள். "இந்த அரிசியில பேடிக்க ஒண்ணுமில்ல. அப்பாக்குக் குடு."

உடனே வடித்துக் கொடுத்தேன், ஒரே மூச்சில் குடித்தார். ஆனால் அடுத்த மூட்டை அடுத்த போகத்து நெல்லாயிற்றே. தம்பியைக் கூப்பிட்டு, இடையிடையே வயலைக் காயவிடச் சொன்னேன்.

"நல்லாச் சொன்ன, அக்கா! பயிரு கருகினா உன் மொவ வந்து நடுவாளா?" என்றான். மேலே பேசக் கூச்சமாகிப் போனை வைத்துவிட்டேன்.

விவரம் தெரிந்தவர்கள் யாராவது, கிருமிகளைப் பற்றி நான் எழுதியதில் பிசகு உண்டா, பயிர் கருகாமல் எவ்வளவு காயவிடலாம் என்று சரிபார்த்துச் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் தம்பியிடம் மறுபடி பேச எனக்கு வாய் வரும்.